பட்டுப்போன தென்னையும் வீட்டுக் கூரையும்

கேள்வி: எங்கள் வீடு களுவாஞ்சிகுடியில். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். நானும் மாமியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம். குசினிச் சுவரிலிருந்து 12 அடி தூரத்தில் ஒரு தென்னை பட்டு, தலையும் விழுந்து, மொட்டையாக நிற்கிறது. மரம் முழுக்க ஓட்டை. கிணற்றடித் தென்னையிலும் இப்போது கபில நிறத்தில் சாறு வடிகிறது. மாமரத்தில் ஒரு கிளை காய்ந்து, அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது. இந்தப் பூச்சிகள் கூரை மரத்துக்கு ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி நின்றபடியே எரிக்கச் சொல்கிறார் ஒருவர். வயலுக்கு அடிக்கும் மருந்தை ஓட்டைக்குள் ஊற்றச் சொல்கிறார் இன்னொருவர். மாமா நட்ட மரங்கள், தானாக விழட்டும் என்கிறார் மாமி. நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மிகுதியை வாசிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மொட்டைத் தென்னையைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் தடுத்துவிடுங்கள். துணி காயப்போடும் கொடி அங்கே இருந்தால் அதையும் மாற்றுங்கள். தலை விழுந்த தென்னை எப்போது விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. காற்று இல்லாத நடுப்பகலிலும் விழும்.

நீங்கள் பூச்சியைக் கண்டு பயப்படுகிறீர்கள். எனக்கு மரத்தைப் பற்றித்தான் கவலை. அதோடு, மரத்தை வெட்டி விழுத்திய பிறகு அந்தக் குற்றிகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்பது அதைவிடப் பெரிய கவலை. எங்கள் பகுதியில் மரத்தை விழுத்துவதற்குக் காசு கொடுக்கிறோம், குற்றியை மதிலோரம் உருட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அடுத்த வருடம் பக்கத்து வளவில் இரண்டு தென்னை போகிறது. இந்தப் பதிலில் நான் வலியுறுத்த விரும்புவது அதைத்தான்.

முதலில் பூச்சிகளைப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் வளவில் இருக்கக்கூடியவை ஒரே பூச்சி அல்ல.

தென்னையின் உடம்பில் ஓட்டை, அதிலிருந்து கபிலச் சாறு, ஓட்டை வாயில் மென்று துப்பிய நார் என்றால் அது பெரும்பாலும் சிவப்புக் கூன்வண்டின் வேலை. செம்மண் நிறம், ஒன்றரை அங்குல அளவு, முன்னால் நீண்ட மூக்கு. பெண் வண்டு மரத்தில் உள்ள காயத்தைத் தேடி வந்து முட்டையிடும். ஒரு வண்டு 200 முட்டைக்கு மேலும் இடக்கூடியது. காலில்லாத வெள்ளைப் புழு மரத்தின் சோற்றை, அதாவது மென்மையான உட்பகுதியை, தின்றபடி வளர்ந்து, தென்னை நாரையே சுற்றிக் கூடு கட்டி, மூன்று நான்கு மாதங்களில் வண்டாக வெளியே வரும். ஒரே மரத்துக்குள் அடுத்தடுத்த தலைமுறைகள் இருக்கும். இரவில் ஆளரவம் அடங்கிய பிறகு காதை மரத்தில் வைத்துக் கேட்டால், புழு மெல்லும் ஓசை கேட்பதும் உண்டு. இதைக் கிணற்றடி மரத்தில்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். மொட்டை மரத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள்.

இரண்டாவது, காண்டாமிருக வண்டு. கறுப்பு நிறம், தலையில் கொம்பு. இது குருத்தைத் துளைக்கும். பிறகு ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியதுபோல் தெரியும். ஆனால் இதன் புழு வளர்வது பச்சை மரத்தில் அல்ல. உக்கிய தென்னங்குற்றி, அடிக்கட்டை, மாட்டெருக் கும்பம் ஆகியவைதான் இதன் தொட்டில். வளைந்து படுத்திருக்கும் பருத்த வெள்ளைப் புழு, கபிலத் தலை, ஆறு கால்கள். கால் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே இரண்டு புழுக்களையும் பிரித்து அறிந்துவிடலாம். இந்த வண்டு குருத்தில் போட்ட காயத்தின் வழியாகத்தான் பல வேளைகளில் கூன்வண்டு உள்ளே நுழைகிறது. உயிருள்ள தென்னையைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் உக்கிய குற்றியை விட்டுவைக்கக் கூடாது என்பது இதனால்தான். 1909 இல் இலங்கையிலிருந்து சமோவாத் தீவுக்குப் போன இறப்பர்க் கன்றுகளோடு இந்த வண்டும் போய்ச் சேர்ந்தது. பசிபிக் தீவுகளின் தென்னைகள் இன்றுவரை அதற்கு விலை கொடுக்கின்றன. கன்றோடும் குற்றியோடும் எருவோடும் வண்டு பயணம் செய்யும் என்பதை மறக்காதீர்கள்.

இந்த இரண்டு வண்டுகளும் உங்கள் கூரையின் கைமரத்தையோ சிலாகையையோ தின்னாது. காய்ந்த அரிமரம் அவற்றுக்கு உணவல்ல. ஆளைக் கடிப்பதும் இல்லை. இரவில் விளக்குக்குக் காண்டாமிருக வண்டு வந்து விழுந்தால் பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை. பிடித்து நசுக்கிவிடுங்கள்.

கூரைக்கு ஆபத்து மூன்றாவது ஆளிடமிருந்து. அது கறையான். பட்ட மரத்தின் அடியிலும் வேரிலும் கறையான் கூட்டம் குடியேறினால், 12 அடி தூரம் அதற்கு ஒரு தூரமே அல்ல. மண்ணுக்குக் கீழால் வந்து, அத்திவாரத்தின் வெடிப்பில் ஏறி, கதவு நிலை வழியாகக் கூரைக்குப் போகும். எனவே இன்றே ஒரு டோர்ச் எடுத்துக்கொண்டு குசினியின் வெளிச்சுவர், கதவு நிலையின் அடி, சுவரும் கூரையும் சேருமிடம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பென்சில் தடிப்பில் மண்ணால் கட்டிய ஓடை சுவரில் ஏறியிருந்தால் கறையான் வந்துவிட்டது என்று அர்த்தம். இல்லை என்றால் உங்கள் கூரை இப்போதைக்குத் தப்பியிருக்கிறது. விறகையும் பழைய பலகையையும் குசினிச் சுவரோடு சாத்தி வைத்திருந்தால் அவற்றை விலக்குங்கள். கறையான் ஏறுவதற்கு நாமே ஏணி வைத்துக் கொடுக்க வேண்டாம்.

இனி மண்ணெண்ணெய். இதில் நான் கடுமையாகப் பேசுவதற்கு மன்னியுங்கள். நிற்கிற பட்ட தென்னைக்குத் தீ வைக்கவே கூடாது. உள்சோறு உக்கிப் போன மரம் உள்ளே வெற்றிடமாக இருக்கும். தீ அதற்குள் இறங்கினால் நீங்கள் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. இரண்டு நாள் உள்ளேயே கனன்று, எந்தப் பக்கம் பலவீனமோ அந்தப் பக்கம் சரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பொறி போதும். அடுத்த வீட்டில் கிடுகு வேலியோ ஓலைக் கொட்டிலோ இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். இவ்வளவு ஆபத்தையும் வாங்கிக்கொண்டு எரித்தாலும், அடிமரத்தில் ஆழமாக இருக்கும் புழு சாவதில்லை.

வயல் மருந்தை ஓட்டைக்குள் ஊற்றுவது அதைவிட மோசம். பட்ட மரத்துக்கு மருந்து எதற்கு? அதற்குள் இருக்கும் புழுவைக் கொன்றாலும் மரம் உயிர்க்காது. மருந்து கீழே இறங்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மண்ணில் இருக்கிற ஊர் உங்களுடையது. நிலத்தடி நீர் மேலாகவே கிடக்கிறது. அடிமரத்தில் ஊற்றியது மணலில் இறங்கி, நீங்கள் குடிக்கிற கிணற்றுக்கே வரும். பூச்சியை விடப் பெரிய தீமையைப் பிள்ளைகளுக்குச் செய்துவிடாதீர்கள்.

தானாக விழட்டும் என்ற மாமியின் சொல்லுக்கு வருகிறேன். அவருடைய மனம் எனக்கு விளங்குகிறது. தன் கணவர் கையால் வைத்த மரம். அவரை உட்காரவைத்து நீங்களே சொல்லுங்கள். தென்னைக்கு உயிர் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது, அது குருத்தின் அடி. மாமரத்தில் ஒரு கிளை செத்தால் இன்னொரு கிளை துளிர்க்கும். தென்னையில் குருத்து போனால் பக்கத்திலிருந்து முளைப்பதற்கு எதுவும் இல்லை. தலை விழுந்த அந்த மரம் எட்டு மழை பெய்தாலும் திரும்பி வராது. அவர் காத்திருப்பது மரத்துக்காக என்றால், அந்த மரம் ஏற்கனவே போய்விட்டது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் அடித்த சூறாவளியை அவர் வயதுள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று பச்சைத் தென்னைகளே வரிசையாகப் படுத்தன. பட்ட மரம் நிற்பதற்கு வாடைக்காற்று மழையின் முதல் வாரமே அதிகம்.

அதனால் காலக்கெடுவைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. மண் நனைந்து இளகிய பிறகு மரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்வது ஆபத்து. செப்டெம்பர் முடிவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். நாளைத் தெரிவு செய்யும்போது, கடற்காற்று எழுவதற்கு முந்திய காலை நேரத்தைத் தெரிவு செய்யுங்கள்.

வெட்டுவது எப்படி என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வேலையாட்கள் வந்து பிழையாகத் தொடங்கினால் நீங்கள் நிறுத்தச் சொல்ல வேண்டும். பட்ட தென்னையில் ஒருவரையும் ஏற விடாதீர்கள். எவ்வளவு கைதேர்ந்த ஏறுகாரராக இருந்தாலும் சரி, கூலியை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் சரி. தென்னையில் வைரமான பகுதி வெளியில் இருக்கிறது, மென்மையான சோறு உள்ளே. புழு தின்பது உள்ளே. வெளியிலிருந்து பார்த்தால் திடமாகத் தெரியும் மரம் ஆளின் பாரத்தில் நடுவில் ஒடியும்.

வேலை தொடங்குமுன் கோடரியின் பின்பக்கத்தால் அடிமரத்தை நாலு பக்கமும் மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓங்கி அடிக்கக் கூடாது, அதிர்ச்சியில் மேல் துண்டு ஒடிந்து தட்டுபவர் தலையில் விழும். கணீரென்று கேட்டால் திடம். மொத்தென்று கேட்டால் உள்ளே வெற்றிடம். அடி திடமாக இருந்தால், விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் வெட்டி, எதிர்ப்பக்கம் சற்று மேலாக அரிந்து, நடுவில் ஒரு கீற்றை விட்டு, கயிற்றால் இழுத்து விழுத்தலாம். அந்தக் கீற்றுத்தான் மரத்தை வழிநடத்துகிறது. அடி உக்கியிருந்தால் அந்தக் கீற்று பிடிக்காது, மரம் தன் விருப்பத்துக்குத் திரும்பும். உங்கள் மரம் குசினிக்கு 12 அடியில் நிற்கிறது. அடி உக்கியிருந்தால் கோடரியை ஒருபக்கம் வைத்துவிட்டு, பாரந்தூக்கி பொருத்திய லொறி ஒன்றைப் பிடித்து, மேலிருந்து துண்டு துண்டாக இறக்குவதுதான் சரி. செலவு கூடும். கணவரிடம் சொல்லுங்கள், குசினிக் கூரையை மறுபடி போடும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

கயிறு மரத்தின் உயரத்தை விட நீளமாக இருக்க வேண்டும். இழுப்பவர்கள் மரம் விழும் கோட்டில் நிற்கக் கூடாது. வேலை நடக்கும்போது மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேலையாட்களைத் தவிர ஒருவரும் இருக்க வேண்டாம். வீட்டுக்கு வரும் மின்கம்பி மரம் விழக்கூடிய தூரத்துக்குள் இருந்தால் மின்சார சபைக்கு முன்கூட்டியே அறிவித்து, இணைப்பைத் துண்டித்த பிறகே தொடங்குங்கள். அவர்களின் அழைப்பு இலக்கம் 1987. இன்னொன்று, ஓட்டைகளில் தேனீயோ குளவியோ கூடு வைத்திருக்கிறதா என்று முதல் நாளே தூரத்தில் நின்று கவனியுங்கள். மரம் அதிரும்போது குளவி கிளம்பினால், கயிற்றைப் பிடித்திருப்பவர் விட்டுவிட்டு ஓடுவார். கிளிக்குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை ஓரிரு வாரம் பொறுக்கலாம், மழைக்கு முன் காலம் இருக்கிறது.

அனுமதி விடயம் சுருக்கமாக. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றி வெட்ட முடியாது. சொந்த வளவானாலும் அப்படித்தான். உங்கள் மரங்கள் அவை அல்ல. என்றாலும் கிராம சேவகரிடம் மரத்தைக் காட்டி, பிரதேச செயலகத்தில் எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். குற்றியை வாகனத்தில் வெளியே கொண்டுபோக நேர்ந்தால் அந்தக் கடிதம் வழியில் உதவும்.

மரம் நிலத்தில் விழுந்ததும் வேலையாட்கள் கைகழுவப் போவார்கள். அப்போதுதான் வேலை பாதி முடிந்திருக்கிறது. ஆகவே கூலி பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள்: குற்றியை ஒன்றரை அடித் துண்டுகளாக அறுப்பது, ஒவ்வொரு துண்டையும் நெடுக்காகப் பிளப்பது, அடிக்கட்டையைத் தூரோடு தோண்டி எடுப்பது. பிளக்காத குற்றியில் புழு பத்திரமாக இருக்கும், வண்டாகிப் பறக்கும். பிளந்துவிட்டால் புழு வெளியே விழும், உங்கள் கோழிகள் மிகுதியைப் பார்த்துக்கொள்ளும். நார்க் கூடுகளைத் தேடிப் பொறுக்குங்கள், அதற்குள் வண்டு தயாராக இருக்கும். புழு உள்ள துண்டுகளை வீட்டுக்கும் மரங்களுக்கும் தூரமாக ஒரு குழியில் போட்டு, காற்றில்லாத வேளையில் அன்றே எரியுங்கள். எரிக்க இடமில்லை என்றால் மூன்று அடிக்குக் குறையாமல் ஆழமாகப் புதையுங்கள். நின்ற மரத்துக்குத் தீ வைக்காதீர்கள் என்றேன், விழுந்து பிளந்த துண்டுக்கு வைக்கலாம்.

அடிமரத்தில் வைரம் நன்றாக இருந்தால் அரிந்து எடுத்து, நிலத்தில் படாமல் அடுக்கிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். ஓட்டை விழுந்த துண்டை வேலிக் கட்டையாகவும், வாய்க்காலுக்கு மேல் பாலமாகவும், கோழிக்கூட்டுக்குக் காலாகவும் போடாதீர்கள். யாராவது விறகுக்குக் கேட்டு அடுத்த ஊருக்கு ஏற்றிப்போக விரும்பினாலும் பிளந்து எரிந்த கரியைத் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள். தூர் எடுத்த குழியை மண்ணால் மூடிவிடுங்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் நுளம்புதான் மிச்சம்.

மாட்டெருக் கும்பம் வளவில் இருந்தால் மாதம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டி, காண்டாமிருக வண்டின் புழுக்களைப் பொறுக்குங்கள். குற்றியை அகற்றிவிட்டு எருவை விட்டுவைத்தால் வண்டு வீடு மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இனி, அவசரமான இரண்டாவது மரம். கிணற்றடித் தென்னை இன்னும் பட்டுவிடவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து நம்புகிறேன். நடுக்குருத்து நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள். குருத்து சாய்ந்து, உள்ளோலைகள் மஞ்சளாகித் தொங்கினால் காலம் கடந்துவிட்டது. அதையும் முதல் மரத்தோடு சேர்த்து ஒரே கூலியில் விழுத்துங்கள். குருத்து நிமிர்ந்து நின்றால் வாய்ப்பு இருக்கிறது. இந்த வாரமே தெங்கு பயிர்ச்செய்கைச் சபையின் பிரதேச உத்தியோகத்தரை அழைத்துக் காட்டுங்கள். மரத்துக்குள் மருந்து செலுத்தி ஓட்டைகளை அடைக்கும் முறை இருக்கிறது. அது பயிற்சி உள்ளவர் கையால் நடக்க வேண்டிய வேலை. அதற்குப் பின் எவ்வளவு காலம் இளநீரும் தேங்காயும் பறிக்கக் கூடாது என்பதையும் அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள், கிணறு பக்கத்தில் இருப்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தொலைபேசியில் ஆலோசனை வேண்டுமானால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம் இருக்கிறது.

அந்த மரத்தில் ஏறுவதற்குப் படி வெட்டியிருக்கிறார்களா? கொடி கட்ட ஆணி அடித்திருக்கிறீர்களா? மாமரத்தில் காயம் பட்டால் பட்டை வளர்ந்து மூடும். தென்னையில் அப்படி மூடுவதற்குப் பட்டை இல்லை, ஒருமுறை வெட்டிய காயம் ஆயுளுக்கும் திறந்தே இருக்கும். கூன்வண்டு அதன் மணத்துக்குத்தான் வருகிறது. பச்சை மட்டையை இழுத்துப் பிய்ப்பதையும் நிறுத்துங்கள். வெட்டுவதானால் மரத்தோடு ஒட்ட வெட்டாமல் மூன்று, நான்கு அடி மட்டையை விட்டு வெட்டுங்கள்.

மாமரம் பற்றிப் பயப்பட வேண்டாம். மரத்தூள் கொட்டுவது தண்டு துளைக்கும் நீள்கொம்பு வண்டின் புழுவால். விரல் நீளத்துக்கு வளரும் புழு அது. காய்ந்த கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்த இடம்வரை உயிர் இருக்கிறது. பச்சை தொடங்கும் இடத்துக்கும் கடைசி ஓட்டைக்கும் கீழே, நல்ல மரத்தில் வெட்டி, வெட்டிய கிளையைப் பிளந்து அன்றே எரியுங்கள். அடிமரத்தில் ஓரிரு ஓட்டை இருந்தால் சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுக் குத்தி இழுத்தால் புழு நசுங்கி வரும். பிறகு களிமண்ணால் அடைத்துவிடுங்கள். மறுநாள் புதிய தூள் விழுகிறதா என்று பார்ப்பதற்கு, அடியைப் பெருக்கிவிட்டு ஒரு பழைய கடதாசியை விரித்து வையுங்கள். தூள் அடிமரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் விழுந்தால் மட்டும் எனக்கு மீண்டும் எழுதுங்கள்.

மாமிக்கு ஒரு வேலை இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கியதும் இரண்டு தென்னங்கன்றுகள் அவர் கையால் நடட்டும். பழைய குழியில் வேண்டாம். வீட்டுச் சுவரிலிருந்து 25 அடிக்குக் குறையாமலும், கம்பிக்குக் கீழ் வராமலும் இடம் பாருங்கள். கன்று வயதில்தான் காண்டாமிருக வண்டு அதிகம் தாக்கும். ஆகவே மாதம் ஒருமுறை குருத்தடி மட்டைகளின் இடுக்கில் மணல் கலந்து இரண்டு மூன்று பூச்சியுருண்டைகளை வையுங்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல். குருத்தடியில் புதிய ஓட்டையும் மென்ற நாரும் தெரிந்தால், முனை வளைத்த கம்பியை மெல்ல விட்டு வண்டைக் குத்தி எடுத்து, அந்த ஓட்டையை மணலால் நிரப்பிவிடுங்கள்.